‘எங்கள் ஊரில் மட்டும் ஏன் இத்தனை பேர்?’ – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் புற்றுநோய்ப் பதிவேடு, அதாவது எந்த ஊரில் எத்தனை பேருக்கு இந்த நோய் என்று எழுதிவைக்கிற கணக்கு, பற்றி இந்தப் பக்கத்தில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அதற்கப்புறம் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன: புற்றுநோய் எதனால் வருகிறது, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் மூன்று தெரு, 200 வீடு. 12 வருடத்தில் 11 பேருக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது. யாருக்கு எந்த இடத்தில் என்று பட்டியல் இணைத்திருக்கிறேன். எல்லாமே வயலில் மருந்து அடிக்கிற குடும்பங்கள். மருந்தால்தான் என்று ஊரே பேசுகிறது. ஒரு டாக்டர் குழு எங்கள் ஊருக்கு வந்து சோதித்தால் தெரிந்துவிடாதா? ஏன் யாரும் வரவில்லை?
– விவசாயி, வலங்கைமான் வட்டம்

பதில்: ஐயா, பட்டியல் போட்டு அனுப்பினீர்களே, அதற்கே முதலில் நன்றி. பலர் ‘நிறையப் பேர்’ என்று எழுதுவார்கள், எண்ணிக்கை இருக்காது.

உங்கள் எண்ணையே வைத்துப் பார்ப்போம். 200 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆக 800 பேர். 12 வருடத்தால் பெருக்கினால் 9,600. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டுத் திட்டம் 2022-க்குச் சொன்ன மதிப்பீடு, நாடு முழுவதும் லட்சம் பேருக்கு வருடத்துக்குச் சுமார் 100 புதிய நோயாளிகள். அந்தக் கணக்கில் உங்கள் ஊரில் 12 வருடத்தில் 9 அல்லது 10 பேர் வருவார்கள். நீங்கள் சொல்வது 11. அது போக, நம் கிராமங்களில் பிள்ளைகள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள், ஊரில் தங்கியிருப்பது வயதானவர்கள்தான். வயது ஏற ஏற இந்த நோய் கூடும் என்பதால் நாட்டுச் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்கூட ஆச்சரியமில்லை. ‘ஒன்றுமில்லை போங்கள்’ என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பதினோரு வீட்டில் நடந்தது பதினோரு வீட்டுத் துக்கம், அதை எந்தச் சராசரியாலும் குறைக்க முடியாது. கணக்காக மட்டும் பார்த்தால் இந்த எண் தனியாக எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். வாய், தொண்டை 4 பேர். கர்ப்பப்பை வாய் 2 பேர். மார்பு 2 பேர். வயிறு 2 பேர். நிணநீர்ப் புற்றுநோய் ஒருவர். ‘புற்றுநோய்’ என்று ஒரே பேரில் சொன்னாலும் இவை வேறு வேறு நோய்கள், காரணங்களும் வேறு வேறு. கர்ப்பப்பை வாயில் வருவதற்குப் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸ். வாய், தொண்டைக்குப் புகையிலை, பாக்கு, மது. பூச்சி மருந்தோடு சேர்த்து உலகம் அதிகம் சந்தேகப்படுவது அந்தக் கடைசி ஒருவருக்கு வந்த வகையைத்தான். உங்கள் ஊருக்கு எப்பேர்ப்பட்ட குழு வந்தாலும் அந்த ஒரே ஆளை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? அவருக்கு மருந்தால் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம் என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல முடியாது.

அதனால்தான் கூட்டாக ஆராய்கிறார்கள். விவசாயிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுகளை ஒன்று சேர்க்க 2010-ல் ‘அக்ரிகோ’ என்ற கூட்டமைப்பு தொடங்கியது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனமும், பிரான்சின் லியோன் நகரில் இருக்கிற சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து எடுத்த முயற்சி அது. 2019-ல் பிரான்ஸ், நார்வே, அமெரிக்கா மூன்று நாட்டு ஆய்வுகளை இணைத்து ஒரு முடிவு வெளியிட்டார்கள். மொத்தம் 3,16,270 விவசாயிகள். அத்தனை பேரில் அந்த வகை நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர்கள் 2,430 பேர். 33 மருந்துகளைத் தனித்தனியாகப் பார்த்ததில் பெரும்பாலானவற்றுக்குத் தொடர்பு தெரியவில்லை. டெர்புபாஸ், டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிகள், கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மூன்றுக்கு மட்டும் சில வகைகளில் கொஞ்சம் கூடுதல் தெரிந்தது. உதாரணமாக கிளைபோசேட் அடித்தவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட வகை நிணநீர்ப் புற்றுநோய் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம், அதுவும் ‘தற்செயலாக இருக்குமோ’ என்ற எல்லைக்கோட்டில்தான். மூன்று லட்சம் பேரைச் சேர்த்தும் இவ்வளவு மெல்லியதாகத் தெரிகிற ஒன்று 800 பேர் உள்ள ஊரில் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் ஐயா, எனக்கும் இதில் ஒரு ஆதங்கம் உண்டு. அந்த மூன்று லட்சத்தில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை. அங்கே பெரும்பாலும் டிராக்டரில் பூட்டிய கருவியால் அடிக்கிறார்கள். இங்கே 16 லிட்டர் டேங்கை முதுகில் மாட்டி, கைலியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு சேற்றில் நடந்து அடிக்கிறோம். புகையான் விழுந்த சம்பாவில் இடுப்பு உயரப் பயிருக்குள் நடக்கும்போது உடம்பில் படுகிற அளவும், மூடிய வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் மேல் படுகிற அளவும் ஒன்றாகுமா? அவர்களுடைய முடிவை அப்படியே நமக்கு ஒட்டவைக்க முடியாது. டெல்டா விவசாயிகளை 20 வருடம் தொடர்ந்து கவனிக்கிற ஒரு ஆய்வு வேண்டும், அது இந்தக் கூட்டமைப்புகளோடு சேர வேண்டும். ஆரோக்கியமாக இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பதுதான் முக்கியம். நோய் வந்த பிறகு கேட்டால், வந்தவர் ‘எப்போதோ அடித்தேனே’ என்று ஒவ்வொன்றாக நினைவு கூர்வார், வராதவர் மறந்திருப்பார், கணக்கு கோணலாகிவிடும்.

அதுவரை ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாத விஷயமும் இருக்கிறது. கிளைபோசேட், மாலத்தியான் இரண்டையும் லியோன் முகமை 2015-லேயே ‘மனிதருக்குப் புற்றுநோய் வரவைக்கக்கூடும்’ என்ற வகையில் வைத்துவிட்டது. எவ்வளவு பட்டால் எவ்வளவு ஆபத்து என்பது அந்த வகைப்படுத்தலில் வராது, ஆனாலும் மேலே படாமல் பார்த்துக்கொள்ள அது போதுமான காரணம். கலக்கும்போது கையுறை போடுங்கள், காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள், நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதாதீர்கள். இதை நான் எத்தனை வரப்பில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி முடியாது.

கேள்வி: நான் புள்ளியியல் முதுகலை படிக்கிறேன். 20 ஆய்வு தனித்தனியாகச் செய்து ‘தொடர்பு இல்லை’ என்று வந்தால், அதைச் சேர்த்தாலும் ‘இல்லை’ என்றுதானே வரும்? கூட்டமைப்பு என்பது வெறும் கூட்டல்தானா?
– மாணவர், கும்பகோணம்

பதில்: தம்பி, ‘இல்லை’ என்பதும் ‘தெரியவில்லை’ என்பதும் வேறு. ஆய்வுக் கட்டுரைகளிலேயே பலர் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

உங்கள் வீட்டில் இரண்டு மூட்டை விதைநெல் இருக்கிறது. ஒன்று நூற்றுக்கு 88 முளைக்கும், இன்னொன்று 85. ஒவ்வொன்றிலும் பத்து விதையை ஈரத்துணியில் கட்டி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியுமா? இரண்டிலும் ஒன்பது முளைக்கலாம், மட்டமான மூட்டையில்கூட பத்தும் முளைக்கலாம். பத்து வீட்டில் பத்துப் பத்து விதையாகப் பார்த்து எல்லாரும் ‘ஒரே மாதிரிதான்’ என்று சொன்னாலும் அது உண்மையாகாது. ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் விதை எண்ணினால்தான் அந்த 3 தெளிவாகத் தெரியும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், ஆக்ஸ்போர்டை மையமாக வைத்து மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர்கள் சேர்ந்து 2002-ல் வெளியிட்டது. 30 நாடுகள், 47 ஆய்வுகள், நோய் வந்த பெண்கள் 50,302 பேர், வராதவர்கள் 96,973 பேர். தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் 200 பேரை வைத்து இந்த 4.3-ஐப் பார்த்துவிட முடியாது. ஆனால் ஒரு நாட்டில் கோடிக்கணக்கான தாய்மார்கள் என்று எடுத்தால் அது சின்ன எண் இல்லை.

இன்னொரு பயன், அரிதான ஆட்களைத் தேடிப் பிடிப்பது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களில் நிறையப் பேர் குடிக்கவும் செய்வார்கள், அப்போது எது தொண்டையைக் கெடுத்தது என்று எப்படிப் பிரிப்பது? 2004-ல் தொடங்கிய ‘இன்ஹான்ஸ்’ என்ற தலை, கழுத்துப் புற்றுநோய்க் கூட்டமைப்பு 15 ஆய்வுகளைச் சேர்த்து, 10,000-க்கு மேற்பட்ட நோயாளிகளிலிருந்து, புகைப்பார்கள் ஆனால் மதுவைத் தொட்டதே இல்லை, குடிப்பார்கள் ஆனால் புகைத்ததே இல்லை என்று இரண்டு கூட்டத்தைத் தனியாகப் பிரித்தது. குடிக்காத ஆட்களிலும் புகைத்தவர்களுக்கு ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. புகைக்காத ஆட்களிலும் தினம் மூன்று கோப்பையோ அதற்கு மேலோ மது குடித்தவர்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு. ஆக ஒவ்வொன்றும் தனியாகவே கெடுக்கும். ஒரு ஆய்வில் மட்டும் இப்படிப் பிரித்திருந்தால் கையில் பத்துப் பதினைந்து பேர்தான் மிஞ்சியிருப்பார்கள்.

‘வெறும் கூட்டலா’ என்று கேட்டீர்களே, உண்மையில் கூட்டல்தான் கடைசி வேலை, அதற்கு முன்னால்தான் உயிர் போகும். ஒரு கள ஆய்வில் நான் தரவு சரிபார்க்கிற வேலையில் இருந்தேன். படிவத்தில் ‘எவ்வளவு நிலத்துக்கு மருந்து அடித்தீர்கள், ஏக்கரில்’ என்று ஒரு கேள்வி. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாள்களில் மட்டும் 6, 9, 15 என்று எண்கள் குவிந்திருந்தன. இவ்வளவு பெரிய நிலக்காரர்களா என்று சந்தேகப்பட்டு, கேட்டு எழுதிய பையனோடு ஒரு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், ‘ஆறு மா தம்பி, ஆறு மா’ என்றார். மூன்று மா சேர்ந்தால்தான் சுமார் ஒரு ஏக்கர். பையன் திருச்சிக்கு மேற்கே பிறந்தவன், மா என்ற சொல்லே தெரியாமல் 6 என்று எழுதி நகர்ந்துவிட்டான். இரண்டு ஏக்கர் ஆறு ஏக்கராகிவிட்டது, மருந்து பட்ட கணக்கும் மூன்று மடங்கு. மருந்து அளவும் அப்படித்தான்: டேங்குக்கு ‘ஒரு மூடி’ என்பார்கள். எந்த பாட்டில் மூடி? சின்னதா, பெரிதா? கடைசியில் கடைகளில் காலி பாட்டில்களை வாங்கி, மூடி மூடியாகத் தண்ணீர் ஊற்றி மில்லியில் அளந்து ஒரு அட்டவணை போட்டோம்.

ஒரு மாவட்டத்துக்கே இவ்வளவு என்றால் முப்பது நாட்டுக்கு யோசித்துப் பாருங்கள். அதனால் கூட்டமைப்புகள் கட்டுரைகளிலிருந்து முடிவை மட்டும் எடுத்துக் கூட்டுவதில்லை. ஒவ்வொரு ஆளின் மூலத் தகவலையும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றி, மாற்ற முடியாததை ஒதுக்கி, என்ன கேள்வி, எப்படிக் கணக்கிடுவோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அப்புறம்தான் கணக்கைத் தொடங்குவார்கள். ஒன்றும் கிடைக்காமல் அலமாரியில் கிடந்த ஆய்வும் அதில் சேரும், பரபரப்பான முடிவு வந்த ஆய்வும் சேரும். இந்த அளவு மாற்றுகிற வேலைக்கு ஊரும் கணக்கும் இரண்டும் தெரிந்த ஆட்கள் வேண்டும். படித்து முடித்ததும் இந்தப் பக்கம் வாருங்கள், தம்பி.

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு மட்டும்தான், புகையிலை தொட்டதே இல்லை. ‘எனக்கு ஒன்றும் வராது’ என்கிறார். சரிதானே?
– வாசகி, பாபநாசம்

பதில்: சரியில்லை அம்மா. கும்பகோணம் வெற்றிலை, சீவல் என்று பெருமைப்படுகிற ஊரில் இதைச் சொல்வது எனக்கே கஷ்டம்தான், என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. ஆனால் புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று லியோன் முகமை 2004-ல் தெளிவாக அறிவித்துவிட்டது. 1985-ல் அதே முகமை புகையிலையோடு போடுவதை மட்டும்தான் உறுதியாகச் சொல்லியிருந்தது. நம் நாட்டில் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் அதிகம் என்பதால் பிரித்துப் பார்ப்பது கடினமாக இருந்தது. தைவானில் பாக்கைப் புகையிலை இல்லாமல் போடுவதுதான் வழக்கம், அங்கிருந்து வந்த ஆய்வுகள் பெரிய வெளிச்சம் தந்தன. ஒரு நாட்டில் பிரிக்க முடியாததை இன்னொரு நாடு பிரித்துக் கொடுத்தது. பாக்கு தனியாகவே, புற்றுநோய் தருவது உறுதி என்கிற முதல் வகைப் பட்டியலில் இருக்கிறது. தனி வெற்றிலையை அதில் வைக்கவில்லை.

திட்டாமல் ஒரு வேலை செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்போல் அகலமாகத் திறக்க வராமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். திருவனந்தபுரத்தில் 13 பஞ்சாயத்துகளில் நடந்த ஆய்வில் இப்படி வாயைத் திறந்து பார்த்ததாலேயே, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது.

கேள்வி: அப்பாவுக்கு சிகிச்சை நடக்கிறது. ரத்தமும் கட்டியின் துணுக்கும் ஆராய்ச்சிக்குக் கேட்கிறார்கள். ‘வெளிநாட்டுக் கூட்டமைப்போடு பகிரப்படும்’ என்று தாளில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? பெயர் வெளியே தெரிந்து தங்கை கல்யாணத்துக்கு இடைஞ்சலாகுமோ என்று அம்மா பயப்படுகிறார்.
– பெயர் வேண்டாம், நாகப்பட்டினம்

பதில்: அம்மாவின் பயம் நியாயமானது. மறுத்தால் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்பது விதி, முதலில் அதை மனதில் வையுங்கள். போட்ட பிறகும் விலகிக்கொள்ளலாம். தாள் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கையில் கொடுக்க வேண்டும். ‘அப்புறம் தருகிறோம்’ என்றால் பேனாவை எடுக்காதீர்கள்.

பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் எடுக்கப்பட்டு ஒரு குறியீட்டு எண்தான் வெளியே போகும். எண்ணையும் பெயரையும் இணைக்கிற பட்டியல் இங்கேயே பூட்டி வைக்கப்பட வேண்டும். வெளிநாட்டோடு சேர்ந்து செய்கிற ஆய்வு என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு போக, மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவும் அனுமதி தர வேண்டும். இரண்டு அனுமதியும் இருக்கிறதா என்று வாய் விட்டுக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. இப்போது சில கூட்டமைப்புகளில் தரவு ஊரை விட்டே போவதில்லை. கணக்குப் போடுகிற கணினி நிரல் இங்கே வந்து ஓடி, விடையை மட்டும் கொண்டு போகும். கடன் கொடுத்தவர் நம் வீட்டுக் கணக்கு நோட்டைத் தூக்கிப் போகாமல், நம் திண்ணையிலேயே உட்கார்ந்து கூட்டி மொத்தத்தை மட்டும் எழுதிக்கொண்டு போவதுபோல.

‘கொடுத்து எங்களுக்கு என்ன’ என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையிலுள்ள மருத்துவ மையம், அடையாறு புற்றுநோய் நிறுவனம், லியோன் முகமை மூன்றும் சேர்ந்து ஒரு ஆய்வு நடத்தின. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கிற அதே அமிலத்தை, கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்க்கிற எளிய சோதனை. சுமார் 80,000 கிராமத்துப் பெண்கள் அதில் இருந்தார்கள். 2007-ல் வந்த முடிவில், சோதனை செய்த பகுதிகளில் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது. அந்தப் பெண்களும் உங்கள் அப்பாவைப் போல ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தவர்கள்தான்.

கடைசியாக ஒன்று, இது ஆராய்ச்சியில் சேராதவர்களுக்கும் பொருந்தும். சென்னைக்கோ புதுச்சேரிக்கோ சிகிச்சைக்குப் போகும்போது பலர் அங்கே தங்கியிருக்கிற மச்சான் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். சென்னையில் 1981 முதல் பதிவேடு இருக்கிறது, 2012-ல் மாநிலம் முழுக்கப் பதிவு செய்கிற திட்டமும் வந்தது. பதிவு, ஆள் வழக்கமாகக் குடியிருக்கிற ஊரின் பேரில்தான் ஏற வேண்டும். நீங்கள் மச்சான் முகவரி கொடுத்தால் நாகப்பட்டினத்தில் ஒரு ஆள் குறைந்து சென்னையில் ஒரு ஆள் கூடிவிடுவார். சொந்த ஊர் முகவரியையே சொல்லுங்கள்.

கேள்வி: பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் செல்போன் கோபுரம் வருகிறது. பிள்ளைகளுக்கு மூளையில் கட்டி வரும் என்கிறார்களே?
– பெற்றோர், திருத்துறைப்பூண்டி

பதில்: காதில் ஒட்டி வைத்துப் பேசுகிற போன் தருகிற கதிர், தூரத்துக் கோபுரம் தருவதைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் போனைத்தான் முதலில் ஆராய்ந்தார்கள். 13 நாடுகள் சேர்ந்து செய்த ‘இன்டர்போன்’ ஆய்வு 2010-ல் வந்தது, மொத்தமாகப் பார்த்ததில் மூளைக்கட்டி கூடவில்லை. மிக அதிகம் பேசியவர்கள் விஷயத்தில் சந்தேகம் மிஞ்சியது. அப்புறம் 10 முதல் 24 வயதுக்காரர்களை மட்டும் வைத்து 14 நாடுகள் ‘மோபி-கிட்ஸ்’ செய்தன, அதில் இந்தியாவும் உண்டு. அதிலும் போனால் கட்டி வருகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கோபுரத்தைவிட, அந்தப் பள்ளிக்கூடத்துப் பெட்டிக்கடையில் தொங்குகிற பாக்குப் பொட்டலங்களைப் பற்றி மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கேள்வி: 1996-லிருந்து குறுவை, சம்பா, தாளடி ஒவ்வொன்றுக்கும் எந்த மருந்து, எத்தனை டேங்க், என்ன தேதி என்று நோட்டில் எழுதி வருகிறேன். பேரன் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்கிறான். இது யாருக்காவது பயன்படுமா?
– 71 வயது விவசாயி, திருவையாறு வட்டம்

பதில்: ஐயா, இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நினைவிலிருந்து கேட்டு எழுதுகிற ஆயிரம் படிவத்தைவிட, அன்றன்றைக்கு எழுதிய உங்கள் நோட்டு பெரிது. போடாதீர்கள், ஒரு தாளைக்கூட. பேரனிடம் சொல்லி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். இனி எழுதும்போது மருந்தின் கம்பெனிப் பெயரோடு, பாட்டிலில் சின்ன எழுத்தில் இருக்கிற மருந்துச் சரக்கின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் கம்பெனிப் பெயர் மாறும், சரக்கு மாறாது. யார் அடித்தது, நீங்களா கூலிக்காரரா என்பதையும் எழுதுங்கள். நிலத்தை மா கணக்கில் எழுதினால் ‘மா’ என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள். கடை பில் இருந்தால் அதே பக்கத்தில் குத்தி வையுங்கள். மழை நாளில் ஒழுகாத இடமாகப் பார்த்து, பாலிதீன் பையில் கட்டி, பரணில் வைக்கச் சொல்லுங்கள். அறுவடை முடிந்து தை மாதம் நான் ஊர்ப்பக்கம் வருகிறேன், நோட்டை ஒருமுறை பார்க்க அனுமதி கொடுங்கள்.